கேரி மீபரின் ஆசைக்கு யார் பொறுப்பு? ‘சிஸ்டர் கேரி’ பற்றி ஒரு கேள்வி

வெள்ளிவீதி_வாசகி கேட்டது:

வணக்கம். அமெரிக்க நாவலாசிரியர் தியோடர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’யை (1900) வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை தயாராகிறது. தமிழில்தான், இருபது பக்கத்துக்குள். இயல்புவாத நாவலில் (மனிதரைச் சூழலும் உடலும் ஆட்டிவைப்பதாகக் காட்டும் போக்கு, naturalism) நாயகியை ஆசையும் கடைவீதியும் எப்படி உருவாக்குகின்றன என்பது பொருள். இப்போதைக்குக் கையில் இருக்கும் வாதம் இது: சிற்றூர்ப் பெண் சிகாகோவுக்கு வருகிறாள், ஷோகேஸ்களைப் பார்த்து மயங்குகிறாள், நல்ல துணிமணிக்காக விற்பனையாளன் டிரூவேயோடு போகிறாள், பிறகு மதுக்கூட மேலாளன் ஹர்ஸ்ட்வுட்டோடு, கடைசியில் எல்லாம் கிடைத்தும் நிம்மதி இல்லை. அதாவது நுகர்வுப் பண்பாடு ஓர் அப்பாவியைக் கெடுத்த கதை.

எழுதிப் பார்த்தால் வாரப் பத்திரிகைத் துணுக்கு மாதிரி தட்டையாக வருகிறது. மூன்று சந்தேகங்கள். எந்தெந்தக் காட்சிகளை நெருங்கிப் படிக்க வேண்டும்? ‘இயல்புவாதம்’ என்ற சொல்லை எங்கே பொருத்துவது? முன்னுரையில் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸோலா பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதுமா? இணையத்தில் கிடைக்கும் பிரதியும் பல்கலைக்கழகப் பதிப்பும் ஒத்துப்போகவில்லை, முடிவே வேறாக இருக்கிறது. எதை மேற்கோள் காட்டுவது?

பழுப்புத்தாள் எழுதியது:

‘கெடுத்த கதை’யை முதலில் தூக்கிவிடுங்கள். அதற்கு நாவலில் இடமே இல்லை. ஆசை சிகாகோவில் தொற்றிய வியாதி என்றால் முதல் அத்தியாயம் வேறு மாதிரி இருந்திருக்கும். 1889 ஆகஸ்ட், கேரிக்கு 18 வயது. ரயிலில் பின் இருக்கையிலிருந்து பேச்சுக் கொடுக்கும் டிரூவேயை அவள் அளவெடுக்கிறாள். கட்டம் போட்ட பழுப்புக் கம்பளி சூட், பளபளக்கும் ஷூ, மோதிரங்கள். இத்தனைக்கும் பிறகு தன் நீல உடையும் தேய்ந்த ஷூவும் அவள் கண்ணில் படுகின்றன. நகரம் இன்னும் வரவில்லை, கடை எதையும் பார்க்கவில்லை. ஒப்பிடும் பழக்கம் ஏற்கெனவே பெட்டியோடு ஏறிவிட்டது.

அவள் கையிருப்பை டிரைசர் முதல் பத்தியிலேயே பட்டியல் போடுகிறார்: ஒரு சின்ன டிரங்குப் பெட்டி, முதலைத் தோல் மாதிரி தெரியும் மலிவான கைப்பை, அட்டைப் பெட்டியில் கட்டிய சாப்பாடு, மஞ்சள் தோல் பர்ஸ், அதற்குள் டிக்கெட், அக்கா விலாசம் எழுதிய துண்டுச்சீட்டு, நாலு டாலர். மனுஷியை அறிமுகப்படுத்தும் முன்பே சாமான் கணக்கு வந்துவிடுகிறது. அந்தக் கைப்பை போலித் தோல் என்பதையும் கவனியுங்கள். வசதியைப் பார்த்து நகலெடுக்கும் ஆசை அந்தப் பொருளிலேயே இருக்கிறது.

என் யோசனை, நாவலை ஒரு வரவுசெலவு நோட்டாகப் படிப்பது. ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: அத்தியாயம், தொகை, பொருள், அப்போது யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள், பாதி வாதம் அதில்தான் கிடைக்கும். முதல் பத்து அத்தியாயங்களை நிரப்பினாலே போதும்.

கணக்கு இப்படி ஓடும். ஷூ கம்பெனியில் வாரக் கூலி 4.50 டாலர். ஆண்கள் ஷூவின் மேல்தோலில், ஒரே ஒரு பக்கத்தில், நாடா கோர்க்கும் துளைகளை மெஷினில் போட வேண்டும், நாள் பூராவும். அக்கா மின்னிக்குத் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் 4 டாலர். மீதி 50 சென்ட். தினமும் டிராமில் போய்வந்தால் வாரத்துக்கு 60 சென்ட் ஆகும். ஆக வேலைக்குப் போய்வரவே பத்து சென்ட் இடிக்கிறது. ஆடை, நாடகம் என்ற பேச்சே இதற்கு அப்புறம்தான். ‘ஆடம்பர மோகம்’ என்று எழுதக் கை நீளும்போதெல்லாம் இந்தப் பத்து சென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் அத்தியாயத்தில் மழை வருகிறது. அவளிடம் குடை இல்லை. 1.25 டாலர் கொடுத்து ஒன்று வாங்குகிறாள். மின்னிக்குப் பிடிக்கவில்லை, முட்டாள் பெண்ணே என்கிறாள். அதே அத்தியாயத்தில் டிரூவே அவளை உணவகத்துக்கு அழைத்துப் போகிறான். மெனு கார்டில் அவள் கண் விலைகளில் நிற்கிறது: காளான் சேர்த்த சர்லாயின் ஸ்டேக் 1.25. டிரூவே யோசிக்காமல் அதையே சொல்கிறான், கூடவே ஸ்டஃப்டு தக்காளியும். குடைக்கும் கறிக்கும் ஒரே விலை. டிரைசர் இதைச் சுட்டிக் காட்டுவதே இல்லை, எண்ணை மட்டும் வைத்துவிட்டு நகர்கிறார். ஒரு வீட்டில் ஏச்சு வாங்கித் தந்த தொகை, இன்னொரு மேசையில் ஒருவேளைச் சாப்பாடு. கட்டுரையில் ஒரு முழுப் பக்கம் இதற்கே கொடுக்கலாம்.

பிறகு டிரூவே அவளுக்குத் தரும் இரண்டு பத்து டாலர் நோட்டுகள். இதைப் பெரும்பாலோர் ‘விலைபோன தருணம்’ என்று எழுதிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். நெருங்கிப் படித்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவளால் அந்தப் பணத்தைச் செலவழிக்க முடியவில்லை. புது ஜாக்கெட்டோடு வீட்டுக்குப் போனால் காசு ஏது என்று மின்னி கேட்பாள். கையில் பணம் இருக்கிறது, குளிர் தாங்காத உடம்பு இருக்கிறது, கடையில் ஜாக்கெட்டும் இருக்கிறது. மூன்றும் சேரக்கூடிய இடம் மட்டும் இல்லை. ஏழாம் அத்தியாயத்தில் ‘தி ஃபேர்’ கடைக்குள் அவள் சுற்றும்போது டிரைசர் ஒன்று சொல்கிறார்: கையில் வசதி, உள்ளே ஆசை, தடுக்கும் மனசாட்சி, இந்த மூன்றுக்கும் நடுவே ஊசலாடும் நிலையைவிட இன்பமானது உலகத்தில் வேறில்லை என்கிற பொருளில். வாங்குவதை அல்ல, வாங்காமல் நிற்பதைத்தான் அவர் இன்பம் என்கிறார். கேரி முத்துச்சிப்பிப் பொத்தான் வைத்த ஒரு ஜாக்கெட் முன்னால் நின்று பார்த்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம் என்ற முடிவோடு வெளியே வருகிறாள். அப்புறம் டிரூவே கார்சன் பிரி கடைக்குக் கூட்டிப்போய் வாங்கித் தருகிறான். வாங்கியதை வைக்க ஓர் அறை வேண்டுமே. அந்த அறைக்குப் பின்னால்தான் மற்றதெல்லாம். வரிசையைக் கவனியுங்கள்: ஜாக்கெட் முதலில், அறை அடுத்து, உறவு கடைசியில்.

இதே ஓட்டத்தில் பதினோராம் அத்தியாயத்தைத் தொட்டால் போதும். பார்ட்ரிட்ஜ் கடையில் எடுத்த லேஸ் காலர் அவளோடு பேசுகிறது, நான் உனக்கு எவ்வளவு பொருந்துகிறேன், என்னை விட்டுவிடாதே என்று. புது ஷூவின் தோல் அவள் பாதத்தைக் கொஞ்சுகிறது. விளம்பரத்தை நாம் கேட்டே பழகிவிட்டதால் இது சாதாரணமாகத் தெரியலாம். 1900இல், ஒரு நாவலாசிரியர் நாயகியின் மனசாட்சிக்குப் பேச்சுக் கொடுக்கும் இடத்தில் காலருக்குப் பேச்சுக் கொடுத்தார் என்பது சின்ன விஷயம் அல்ல.

கண்ணாடிப்பாதை எழுதியது:

பழுப்புத்தாள் சொல்வது சரிதான், ஆனால் பொருளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுத்துவிட்டார். என் வாசிப்பில் கேரியை ஆட்டி வைப்பது ஷோகேஸ் இல்லை, பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெண். அவர் போடச் சொன்ன நாலாவது கட்டத்தை நிரப்பிப் பாருங்கள், பெண் பெயர்களாகவே வரும்.

மூன்றாம் அத்தியாயத்திலேயே பார்க்கலாம். வேலை தேடி ‘தி ஃபேர்’ கடைக்குள் போகிறாள். செருப்பு, காலுறை, ரிப்பன், சீப்பு, பர்ஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக அவளைத் தொடுகிறது, உண்மை. ஆனால் காயப்படுத்துவது வேறு. அவளை இடித்துக்கொண்டு, அவள் இருப்பதே தெரியாமல் போகும் பணக்காரப் பெண்கள் ஒரு பக்கம். கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் விற்பனைப் பெண்கள் இன்னொரு பக்கம். அவர்கள் அவளைப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வையில் அவளுடைய மொத்த உடுப்புக்கும் மதிப்புப் போடப்பட்டுவிடுகிறது. வாங்க வந்தவளாகவும் இல்லை, விற்பவளாகவும் இன்னும் ஆகவில்லை.

அடுத்து, டிரூவே அவளோடு தெருவில் நடக்கும்போது கடந்துபோகும் ஒரு பெண்ணைக் காட்டி, என்ன அழகாக நடக்கிறாள் பார் என்கிறான். அவனுக்கு அது போகிற போக்கில் சொன்ன வார்த்தை. கேரி அந்த நடையைப் பழகிப் பார்க்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்ப்பது, பாவாடையை லேசாகப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது. இந்த இடத்தைத் தவறவிட்டால் நாவலின் பிற்பாதி ஒட்டவே ஒட்டாது. கண்ணாடி முன் செய்த அந்தப் பயிற்சிதான் பிறகு மேடையில் நடிப்பாகிறது. எல்க்ஸ் சங்கத்து நாடகத்தில் லாரா என்ற பாத்திரமாக நிற்கிறாள், டிரூவே ‘கேரி மடெண்டா’ என்று ஒரு பெயரும் வைத்துவிடுகிறான். நியூயார்க்கில் கேசினோ தியேட்டர் கோரஸில் வாரம் 12 டாலர், அப்புறம் 18, மேலே மேலே போய் 150.

அதாவது ஆசைப்பட்டு, பார்த்துச் செய்து, செய்ததை நடித்துக் காட்டி, காட்டியதற்குக் கூலி வாங்குகிறாள். கடைசியில் அவள் படமே செய்தித்தாளில் வருகிறது. ஒரு ஹோட்டல் தன் வாடகையைக் குறைத்துக்கொண்டு, எங்களிடம் வந்து தங்குங்கள் என்று கெஞ்சுகிறது, அவள் பெயர் விளம்பரமாகும் என்பதால். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவள் இப்போது கண்ணாடிக்கு உள்ளே. நுகர்வோரைப் பற்றிய நாவல் என்று மட்டும் எழுதினால் இந்தத் திருப்பம் கைநழுவிப் போகும். அவள் சரக்காகவும் ஆகிறாள், நல்ல விலைக்குப் போகும் சரக்காக.

மேடையில் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது என்ன என்பதையும் பாருங்கள். வசனமே இல்லாத குவேக்கர் (எளிமையை வற்புறுத்தும் ஒரு கிறித்தவப் பிரிவு) பெண் வேடம், முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அரங்கம் அதற்கு மயங்குகிறது. நியூயார்க்கில் அவளுக்கு அறிமுகமான ஏம்ஸ் என்ற இளைஞன் பிறகு இதற்கு விளக்கம் சொல்கிறான்: உலகத்தின் ஏக்கம் உன் கண்ணிலும் வாயிலும் தெரிகிறது, அதனால்தான் உன்னைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று. மற்றவர்கள் பொருளுக்காக ஏங்குகிறார்கள், இவள் ஏக்கத்தையே விற்கிறாள்.

நியூயார்க்கில் கேரியின் பக்கத்து வீட்டுத் தோழி திருமதி வேன்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிராட்வேயில் அந்த அம்மாளோடு நடக்கும்போது தன் உடை போதாது என்று கேரி கூனிக் குறுகும் காட்சி எல்லாக் கட்டுரைகளிலும் வரும், கூடவே பொருளியலாளர் தார்ஸ்டைன் வெப்லெனும் வந்துவிடுவார். ‘எடுப்பாகச் செலவழித்தல்’ என்று அவர் பேசிய புத்தகம் வந்தது 1899. காலம் பொருந்துகிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வெப்லென் சொல்வது ஏற்கெனவே இருக்கும் அந்தஸ்தை ஊருக்குக் காட்டுவது. அது ஹர்ஸ்ட்வுட்டின் மனைவிக்கும் மகளுக்கும் கச்சிதம். காட்டுவதற்கே எதுவும் இல்லாத கேரிக்கு அதை அப்படியே மாட்டினால் தொளதொளவென்று நிற்கும்.

வெள்ளிவீதி_வாசகி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. வரவுசெலவு நோட்டு உடனே ஆரம்பித்தாயிற்று. ஏழாம் அத்தியாயம் வரைக்குமே பதினேழு வரி வந்துவிட்டது. இப்போது இன்னொரு குழப்பம். இப்படிப் படித்தால் இது வெறும் சமூக நாவலாகத்தானே தெரிகிறது? இயல்புவாதம் எங்கே? ஸோலாவின் கடை நாவலில் வரும் நாயகி டெனிஸோடு ஒப்பிடலாமா?

தறிநாடா எழுதியது:

ஒப்பிடலாம், ஒப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன் இயல்புவாதம்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பலர் செய்யும் பிழை, ‘சூழல் மனிதனைத் தீர்மானிக்கிறது’ என்ற ஒற்றை வாக்கியத்தை எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே அளவில் தைப்பது. டிரைசர் இரண்டு பேருக்கு இரண்டு இயந்திரம் வைத்திருக்கிறார். கேரிக்கு எட்டாம் அத்தியாயத் தொடக்கம்: பயிற்சி இல்லாத மனிதன் காற்றில் அடிபடும் துரும்பு, நாகரிகம் இன்னும் பாதி வழியில், முழு மிருகமும் இல்லை, முழு மனிதனும் இல்லை என்கிறார். உள்ளுணர்வும் அறிவும் இரண்டுமே அரைகுறையாக இருப்பதால் எந்த இழுப்பு பலமோ அந்தப் பக்கம் சாய்கிறாள். முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே காந்தம் இருக்கிறது.

ஹர்ஸ்ட்வுட்டுக்கு வேறு. முப்பத்துமூன்றாம் அத்தியாயத்தில் இரத்த வேதியியலே வருகிறது. வாடிய மனநிலை உடலில் ‘கேட்டஸ்டேட்’ என்ற விஷங்களை உண்டாக்கும், மகிழ்ச்சி ‘அனஸ்டேட்’களை உண்டாக்கும் என்று அந்தக் காலத்து ஆய்வாளர் ஒருவரிடம் கடன் வாங்கிய கருத்து. இன்றைக்கு யாரும் அதை விஞ்ஞானம் என்று ஏற்பதில்லை. ஆனால் அது யாருக்குப் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. நாவலில் உடம்பால் தீர்மானிக்கப்படுபவன் ஆண். ஆசையால் இழுக்கப்படுபவள் பெண். அவன் தான் வேலை பார்க்கும் மதுக்கூடத்தின் பெட்டகத்தின் முன்னால் பத்தாயிரம் டாலருக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு தயங்கும்போது பூட்டு தானாக ‘கிளிக்’ என்று மூடிக்கொள்கிறது, அவன் மூடினானா என்று அவனுக்கே தெரியாது. அவளுக்கு அப்படி ஒரு விபத்தும் கிடையாது. அவளுடைய ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னால் ஒரு பொருள் கூப்பிடுகிறது.

இரண்டு பேர் தொகைகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பழுப்புத்தாளின் நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள், அவ்வளவுதான். அவன் திருடியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 1,300 டாலரோடு நியூயார்க் போகிறான். வாரன் தெரு மதுக்கூடத்தில் பங்கு வாங்குகிறான், அது கைவிட்டுப் போகும்போது மிஞ்சுவது 700. அப்புறம் புரூக்ளின் டிராம் வேலைநிறுத்தத்தில் கருங்காலியாகப் போய்க் கல்லடி வாங்குகிறான். கேரி விட்டுப் போகும்போது வைத்துவிட்டுப் போனது 20 டாலர். டிரூவே அவளுக்குத் தந்ததும் 20 டாலர்தானே. கடைசியில் 15 சென்ட் அறை, கேஸ் குழாயைத் திறந்துவிட்டுத் தற்கொலை. அவள் ஏறும் படியும் அவன் இறங்கும் படியும் ஒரே படிக்கட்டு. ராக்கிங் சேரையும் மறக்காதீர்கள், முதலில் அவள் ஆடுகிறாள், பிறகு அதில் அவன் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிடுகிறான்.

இனி டெனிஸ். ஸோலாவின் ‘ஓ பொன்னர் தே தாம்’ 1883இல் வந்தது. அதற்காக 1882இல் பாரிஸின் பொன் மார்ஷே, லூவ்ர் கடைகளுக்குப் போய்ப் பார்த்துக் குறிப்பு எடுத்தவர் அவர். டெனிஸ் போதுவும் ஊரிலிருந்து வருகிறாள், வலோனிலிருந்து, இரண்டு தம்பிகளோடு. அவளும் முதல் அத்தியாயத்தில் ஷோகேஸ் முன்னால் வாயடைத்து நிற்கிறாள். துணி மாட்டிய பொம்மைகளுக்குத் தலை இல்லை, தலை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் விலைச்சீட்டு. இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து அந்தத் தலையில்லாப் பெண்களைத் தெரு முழுக்கப் பெருக்கிக் காட்டுகிறார்கள். இந்த ஒரு படத்துக்குச் சமமாக டிரைசரிடம் ஒன்றும் இல்லை என்பேன்.

ஒற்றுமை அங்கே முடிந்துவிடுகிறது. டெனிஸ் ஆசைப்படவே மாட்டாள். தேய்ந்த பூட்ஸைத் தானே ஒட்டுப்போட்டுக்கொண்டு, தம்பிக்குக் காசு அனுப்பிக்கொண்டு, கடை முதலாளி மூரேயை வேண்டாம் என்கிறாள், கடைசியில் அவனையே கல்யாணமும் செய்துகொள்கிறாள். ஆசைப்படுகிறவர்கள் வாடிக்கையாளர்கள்: வாங்கி வாங்கியே புருஷனை அழிக்கும் திருமதி மார்த்தி, லேஸ் திருடிப் பிடிபடும் பிரபுகுலத்து திருமதி தே போவ். பிரான்சு நாவலில் நாயகி ஆசையைத் தாண்டி ஜெயிக்கிறாள், அமெரிக்க நாவலில் ஆசையே நாயகி.

இன்னொரு வேறுபாட்டைக் கட்டுரையின் நடுவில் வையுங்கள், இது வலுவானது. ஸோலாவின் கடைக்கு எஞ்சினியர் உண்டு. மூரே ஒரு பட்டுத் துணியை மீட்டர் 5 பிராங்க் 60க்கு, அடக்க விலைக்கும் கீழே தள்ளி, அதைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு மற்றதெல்லாம் விற்கிறான். பிரிவுகளை வேண்டுமென்றே சிதறடித்து வைக்கிறான், நூல் வாங்க வந்தவள் கடை முழுக்கச் சுற்ற வேண்டும் என்பதற்காக. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்கிறான், தயக்கத்துக்கு இருந்த கடைசிச் சாக்கும் போய்விடுகிறது. நுகர்வு அங்கே ஒருவன் தீட்டிய சதி. டிரைசரின் சிகாகோவில் மூரே யாரும் இல்லை. காலர் தானாகப் பேசுகிறது, யார் பேச வைத்தது என்று நாவல் கேட்பதே இல்லை. இது டிரைசரின் பலவீனமா, அல்லது அதிகாரம் முகமில்லாமல் வேலை செய்வதை அவர் ஸோலாவைவிடச் சரியாகப் பிடித்தாரா என்பது வாதத்துக்கு உரியது. நான் இரண்டாவது பக்கம்.

பதிப்பு விஷயம். 1900 நவம்பரில் டபுள்டே, பேஜ் கம்பெனி வெளியிட்டதில் 47 அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் அலங்காரத் தலைப்பு, முடிவில் ராக்கிங் சேரில் கேரி. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பாடம். 1981இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பதிப்பு, கையெழுத்துப் படியிலிருந்து வெட்டப்பட்ட சுமார் 36,000 சொற்களைத் திரும்பச் சேர்த்தது. அதில் 50 அத்தியாயம், முடிவு ஹர்ஸ்ட்வுட்டின் சாவோடு நின்றுவிடும். ஆசையைப் பற்றிய கட்டுரைக்கு முடிவு எது என்பது தலைபோகிற விஷயம். ராக்கிங் சேரில் முடிந்தால் ஆசைக்கு முடிவே இல்லை என்று நாவல் சொல்கிறது. சாவில் முடிந்தால் ஆட்டம் ஓய்ந்துவிட்டது. நீங்கள் 1900 பாடத்தை எடுத்துக்கொண்டு, முதல் அடிக்குறிப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். இரண்டையும் கலந்து மேற்கோள் காட்டினால் அத்தியாய எண்களே காலை வாரிவிடும்.

நாவல் அடக்கப்பட்ட வரலாறும் உங்கள் வாதத்துக்கு உதவும். பதிப்பகப் பங்குதாரர் வால்டர் பேஜ் ஒப்புக்கொண்ட புத்தகத்தை, வெளிநாட்டிலிருந்து திரும்பிய டபுள்டே போடவே விரும்பவில்லை. டிரைசர் பிடிவாதம் பிடித்ததால் அச்சானது, விளம்பரம் செய்யப்படவில்லை. விற்றது 456 பிரதி. (டபுள்டேயின் மனைவி தடுத்தார் என்ற கதையை எழுதாதீர்கள், சான்று நிற்காது.) ஏன் அவ்வளவு கூச்சம்? ஆபாசக் காட்சி ஒன்றுகூட இல்லை. ஆசைப்பட்டவளுக்குத் தண்டனை இல்லை, அதுதான். ஃப்ளோபேரின் எம்மா போவாரி கடைக்காரனிடம் புரோநோட்டு எழுதி எழுதி, கடைசியில் எட்டாயிரம் பிராங்க் கட்ட முடியாமல் ஆர்சனிக் தின்றாள். ஸோலாவின் நானாவை அம்மை தின்றது. ஸ்டீபன் கிரேனின் மேகி ஒரு பூப்போட்ட துணி வாங்கி அடுப்பு மாடத்துக்கு மேல் தொங்கவிட்டாள், அவ்வளவுதான் அவள் செய்த ஆடம்பரம், அவளும் செத்தாள். கேரிக்கு வாரம் 150 டாலரும் வால்டார்ஃப் ஹோட்டல் அறையும் கிடைக்கிறது.

பழுப்புத்தாள் எழுதியது:

கண்ணாடிப்பாதை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், நாலாவது கட்டம் நான் நினைத்ததைவிடப் பெரியது. இரண்டு சில்லறைத் திருத்தம், ஒரு யோசனை.

டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் அமெரிக்காவில் 1884 வாக்கில் சிகாகோவில்தான் முதலில் தோன்றின என்று மூன்றாம் அத்தியாயத்தில் டிரைசர் எழுதுகிறார். அதை வரலாறாக மேற்கோள் காட்டிவிடாதீர்கள். நியூயார்க்கில் ஸ்டூவர்ட்டின் பளிங்குக் கடை 1846இலேயே வந்துவிட்டது, பிலடெல்பியாவில் வானமேக்கர் 1876இல். ஒரே பாளமான பெரிய கண்ணாடி ஜன்னல்கள் அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தன என்று அவர் சொல்வது வேறு, அதை எடுத்துக்கொள்ளலாம். காலச் சூழலுக்கு ஒரு தகவல் வேண்டுமென்றால்: கடை ஜன்னல் அலங்காரத்துக்கென்றே ‘தி ஷோ விண்டோ’ என்ற பத்திரிகை 1897இல் சிகாகோவில் தொடங்கியது, ஆசிரியர் எல். ஃபிராங்க் பாம். ‘ஓஸ்’ மந்திரவாதி கதையை எழுதிய அதே பாம், அதுவும் கேரி வந்த 1900இல்தான்.

டிரைசர் இதை எதிர்த்து எழுதினாரா, ரசித்து எழுதினாரா என்ற கேள்வி கட்டாயம் வரும். பழைய விமர்சகர்கள் எதிர்ப்பு என்பார்கள். விமர்சகர் வால்டர் பென் மைக்கேல்ஸ் 1980களில் அதைத் தலைகீழாக்கினார்: நாவல் முதலாளியப் பொருளாதாரத்தை விமர்சிக்கவில்லை, தீராத ஆசைதான் அதன் எரிபொருள், நாவலும் அந்த ஆசையோடுதான் நிற்கிறது என்று. மைக்கேல்ஸ் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார், ஆனால் முழுக்கத் தள்ள முடியாது. கேரியை எழுதியவர் 1907 முதல் 1910 வரை ‘டெலினியேட்டர்’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். அது தையல் பேட்டர்ன் விற்ற பட்டரிக் கம்பெனியின் பெண்கள் ஃபேஷன் பத்திரிகை. ஏம்ஸ் ஷெர்ரி உணவகத்தில் உட்கார்ந்து இவ்வளவு செலவு வெட்கக்கேடு என்று சொல்லும் காட்சியையும் பாருங்கள். அவன் சொல்வதற்கு முன்னால் டிரைசர் சூப்பின் விலை, சிப்பியின் விலை, மேசையில் மின்னும் வெள்ளி என்று பக்கம் பக்கமாக ரசித்துத் தீர்த்திருக்கிறார். ஏம்ஸ் கண்டிப்பதும் அந்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டேதான்.

யோசனை என்றது சொல்லைப் பற்றி. நீங்கள் தமிழில் எழுதுவதால் ஒரு வசதி இருக்கிறது. கட்டுரை முழுக்க ‘ஆசை’ என்றே போட்டிருக்கிறீர்கள். நமக்கு ஆசை, விருப்பம், மோகம், வேட்கை, ஏக்கம் என்று தனித்தனியாக உண்டு. ஜாக்கெட்டின் மேல் ஆசை வரும். ஏக்கத்துக்குப் பொருள் வேண்டியதில்லை. முதல் இருபது அத்தியாயத்தில் கேரிக்கு இருப்பது ஆசை, எப்போதும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொருள் எதிரில் இருக்கிறது: ஜாக்கெட், ஷூ, காலர். 150 டாலர் சம்பளம் கைக்கு வந்ததும் நோட்டைப் பார்த்துக்கொண்டு என்ன வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறாள். அங்கிருந்து ஏக்கம். எந்த அத்தியாயத்தில் சொல்லை மாற்றுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், அந்த முடிவே ஒரு வாதமாக நிற்கும்.

வெள்ளிவீதி_வாசகி எழுதியது:

இது போதும், மேலேயே போதும். ‘ஏக்கம்’ ஷெர்ரி விருந்தில், முப்பத்திரண்டாம் அத்தியாயத்திலேயே தொடங்குகிறது என்று தோன்றுகிறது. அங்கேயிருந்து வீட்டுக்கு வந்து ராக்கிங் சேரில் ஆடும்போது அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. சரிபார்த்துவிட்டு அப்படியே வைக்கிறேன். ஒரு சின்ன சந்தேகம்: டிரூவேயை நாவல் ‘டிரம்மர்’ என்கிறது, அதற்கு என்ன போடுவது?

தறிநாடா எழுதியது:

ஊர் ஊராகப் போய் மொத்த வியாபாரத்துக்கு ஆர்டர் பிடிக்கும் சேல்ஸ்மேன். அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சுவழக்கு அது. ‘விற்பனைப் பிரதிநிதி’ என்று போடுங்கள், சரியாக இருக்கும். மேளக்காரர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பயணத்தில் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பவனுக்கு அதே முதல் அத்தியாயத்தில் ‘மாஷர்’ என்று இன்னொரு சொல் வரும். அவன் பேச்சுக் கொடுக்கும் உத்தியை விவரிக்கும் பகுதியை 1900 பாடத்திலிருந்து மேற்கோள் காட்டுவதாக இருந்தால் கவனம். அதில் ஒரு துண்டு நகைச்சுவை எழுத்தாளர் ஜார்ஜ் ஏட் எழுதியதைப் பார்த்து எழுதியது, 1907 மறுபதிப்பில் டிரைசரே மாற்றிவிட்டார்.